பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள்

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் உடனே வரும் தீர்ப்பு ஒன்றுதான்: பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க. கடைக்காரருக்கும் அது வசதி, அவசரத்தில் இருக்கும் நமக்கும் வசதி. ஏனென்றால் உள்ளே என்ன கோளாறு இருந்தாலும் புது பேட்டரி போட்டால் கொஞ்ச காலத்துக்கு வண்டி ஓடத்தான் செய்யும். அப்புறம் அதே கதை திரும்ப ஆரம்பிக்கும், அப்போது கடையில் "டைனமோ வீக்" என்பார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் கார், சின்னது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி எது என்று சொல்லப் போவதில்லை, எந்த வண்டியாக இருந்தாலும் 12 வோல்ட் சமாசாரம் பெரும்பாலும் ஒன்றுதான். இதில் வந்த மின் கோளாறுகளை முடிந்தவரை நானே பார்க்கிறேன், நாலைந்து மாற்றங்களும் நானே செய்திருக்கிறேன். பார்த்தவரையில் ஒன்று சொல்வேன்: பொருள் கெட்டுப்போய் வந்த கோளாறுகள் ரொம்பக் குறைவு. துரு பிடித்த எர்த் (பேட்டரியின் நெகட்டிவை பாடியோடும் இஞ்சினோடும் சேர்க்கிற இணைப்பு), தளர்ந்த கிளாம்ப், கருகிய சாக்கெட், யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன ஜாயின்ட், இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. எதையாவது மாற்றும் முன், பேட்டரியிலிருந்து கிளம்பிய வோல்ட் எந்த இடத்தில் தொலைகிறது என்று அளந்து பார்த்துவிட வேண்டும். அளக்கத் தெரிந்துவிட்டால் பாதி செலவு மிச்சம்.

அளக்க வேண்டிய சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, ஆனால் அதில் 10 ஆம்பியர் அளக்கத் தனி ஓட்டை இருக்க வேண்டும். இன்னொன்று டெஸ்ட் லாம்ப்: பழைய இன்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரை சால்டர் செய்து, ஒரு முனையில் முதலைக் கிளிப், மறுமுனையில் கூரான கம்பி. எங்கள் ஏரியாவில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், அவரிடம் மீட்டரே கிடையாது, இந்த பல்பு மட்டும்தான். "மீட்டர் பொய் சொல்லும் தம்பி, பல்பு சொல்லாது" என்பார். முதலில் பழைய காலத்து ஆள் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன், விஷயம் சரியானது. டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று கரண்டே எடுக்காது. வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12.6 என்று அழகாகக் காட்டும். குழாய் மூடியிருக்கும்போது பைப்பில் பிரஷர் முழுசாக இருப்பது மாதிரி. திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். பல்பை வைத்தால் அது கரண்ட் இழுக்கும், இழுத்தவுடன் அந்த ஒற்றை இழை தாங்காமல் பல்பு மங்கிவிடும். அதனால் மீட்டரால் அளந்தாலும் லோடு ஓடும்போதுதான் அளக்க வேண்டும்: லைட் எரிய, மோட்டார் சுற்ற, ஹாரன் அடிக்க. ஒரு எச்சரிக்கை மட்டும், இஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சார் வயர்களில் பல்பைக் கொண்டுபோய்க் குத்தக் கூடாது, அங்கே மீட்டர்தான்.

பேட்டரி எண்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவைக்கூடத் திறக்காமல் பானெட் வழியாக அளந்தால் 12.6 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். இஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர், அதாவது நம் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்று சொல்கிற அது, வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். (புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும், அங்கே 13-க்குக் கீழே தெரிந்தாலும் உடனே பயப்பட வேண்டாம்.) செல்ஃப் அடிக்கும்போது வேறொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு, அதுவும் அது முழு சார்ஜில் இருந்தால் மட்டும். அரை சார்ஜில் இருக்கும் பேட்டரியைக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு செத்துப்போச்சு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

எங்கள் வண்டியில் முதலில் வந்த தொல்லை இதுதான். தினமும் ஓட்டினால் ஒரு பிரச்சனையும் இல்லை. ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் செல்ஃப் எடுக்காது, லைட்டும் மங்கல். பேட்டரி புதுசு, ஆல்டர்னேட்டர் 14.1 கொடுக்கிறது. அப்படியானால் நிற்கும்போது எதுவோ குடிக்கிறது. எவ்வளவு என்று பார்க்க நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைக்க வேண்டும். சாவி கையில், கதவுகள் மூடி, டிக்கி மூடி. கதவைத் திறந்து வைத்துத்தான் ஃபியூஸ் பாக்ஸுக்குப் போக முடியும் என்றால், கதவு லாக்கின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடின மாதிரி வைக்கலாம், அல்லது ரூம் லைட் சுவிட்சை டேப் போட்டு அழுத்தி வைக்கலாம். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் மீட்டருக்குள் இருக்கிற ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டராக இருந்தால் மீட்டரே போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டும், பதற வேண்டாம். வண்டிக்குள் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கப் போக நேரம் பிடிக்கும், சில வண்டிகளில் அரை மணி நேரம்கூட ஆகும். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் 20-லிருந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கியிருக்க வேண்டும். கடிகாரம், அலாரம், ரேடியோவின் ஞாபகம் எல்லாம் அதற்குள்ளே அடக்கம். எங்கள் வண்டியில் 400-க்கு மேலேயே நின்றது. கணக்குப் போட்டால் 0.4 ஆம்பியர், 24 மணி நேரம், ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கின அளவு). பேட்டரியோ மொத்தமே 35 ஆம்பியர்-அவர்தான். இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி, மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? தினமும் ஓட்டும்போது ஆல்டர்னேட்டர் ஈடுகட்டிவிடுவதால் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. எதைப் பிடுங்கும்போது மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன். இன்னொரு வழியும் உண்டு, பிடுங்காமலே செய்யலாம், தூங்கின யூனிட்டுகள் எழுந்துவிடாது என்பதால் புது வண்டிகளுக்கு அதுதான் நல்லது: பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் குட்டியாக உலோகம் தெரியும், மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டையும் தொட்டால், கரண்ட் ஓடாத ஃபியூஸில் சுத்தமாக பூஜ்யம் காட்டும், ஓடுகிறதில் ஏதாவது ஒரு எண் வரும். எங்களுக்குக் கிடைத்தது ஆடியோ ஃபியூஸ். முன்னாடி ஓட்டியவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்டிருந்தார். ஸ்டீரியோ செட்டுகளில் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மஞ்சள் எப்போதும் பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த், நீலம் என்றால் செட்டை ஆன் செய்யும்போது ஆம்ப்ளிஃபையரை எழுப்புகிற லைன். அந்த நீல வயர் எட்டாமல் போயிருக்கும் போல, பொருத்தியவர் ஆம்ப்ளிஃபையரின் எழுப்பும் முனையை நேராக மஞ்சளோடு முறுக்கி விட்டிருந்தார். பாட்டு பாடினாலும் பாடாவிட்டாலும் ராத்திரி பகலாக அது விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயரை மாற்றிக் கொடுத்ததும் மீட்டர் 25 மில்லி ஆம்பியரில் வந்து நின்றது.

இதே தொல்லைக்கு வேறு காரணங்களும் உண்டு. டிக்கி விளக்கு அணையாமல் இருப்பது ரொம்ப சாதாரணம், 5 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய இதே 0.4 ஆம்பியரைக் குடிக்கும். மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்று பார்க்க, போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடித் திறந்தால் போதும். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற பொருள்) ஒழுகுகிறதா என்று பாருங்கள், அதன் கனமான வயரைக் கழற்றினால் தெரிந்துவிடும் (பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்த நட்டைத் தொடுங்கள், ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங்தான்).

இரண்டாவது, செல்ஃப். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே சத்தம், சுற்றாது. லைட் பளிச்சென்று எரிகிறது, பேட்டரி 12.5. செல்ஃப் மோட்டார் போச்சு, ரீகண்டிஷன் பண்ணணும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் வோல்ட் இழப்பு அளவு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் (கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈய முனையிலேயே), இன்னொன்றை இஞ்சின் உடம்பில் சுத்தமான ஒரு போல்ட்டில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் எர்த்தானே, பூஜ்யம் காட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வரை காட்டலாம். எங்களுக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வந்தது. இஞ்சினையும் பாடியையும் இணைக்கிற பின்னல் பட்டி, கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் போல்ட் போட்ட இடத்தில் பச்சை பிடித்துக் கிடந்தது. பிளஸ் பக்கமும் இதே மாதிரி பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை பார்க்கலாம், அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். ரோட்டில் மாட்டிக்கொண்டால் மீட்டரெல்லாம் வேண்டாம்: ஜம்பர் கேபிளில் கறுப்பு ஒன்றை மட்டும் எடுத்து, நம் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நம் இஞ்சினிலேயே இருக்கிற தூக்கும் கொக்கிக்குக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு எர்த்தில்தான், செல்ஃபைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

எர்த் போனால் வருகிற இன்னொரு கூத்து பின்பக்க விளக்குகளில் தெரியும். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரியும், இன்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் சேர்ந்து துடிக்கும், பின்னால் வருகிறவனுக்கு நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று புரியாது. பல்பு பல்பாக மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, மாற்றி ஒன்றும் ஆகாது. விளக்குக் கூட்டுக்கு ஒரே ஒரு எர்த் வயர்தான் இருக்கும், அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பிரேக் பல்புக்குப் போன கரண்ட் திரும்பி வர வழி தேடிப் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து அந்தப் பக்கமாக எர்த்துக்குப் போகும். அதுதான் அந்தக் குழப்பம். மீட்டரின் கறுப்பை பாடியில் சுரண்டிய இடத்தில் வைத்து, சிவப்பைக் கூட்டின் எர்த் பின்னில் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட் சுற்றி இருந்தால் சரி. இரண்டு மூன்று என்று ஏறினால் அந்தக் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போய் அது எங்கே ஸ்க்ரூ ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டிக்கி ஓரத்துப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, மழைத் தண்ணீர் தேங்கிற இடமாகப் பார்த்து வைத்திருப்பார்கள். கடல் ஓரமாகக் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். உப்புத்தாள் போட்டுப் பெயிண்டும் துருவும் போகத் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவி விட்டால் போதும். பேட்டரி முனைகளுக்கும் அதே வாஸ்லின்தான். அங்கே பூக்கிற வெள்ளைப் பொடியை சுடுதண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும், மூடித் துளைகளுக்குள் அது இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கிக் கதவில் இருக்கிற எல்லாமே, அதாவது பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கண்ணாடி ஹீட்டர் எல்லாம், ஒன்று விட்டு ஒன்று நின்று நின்று வேலை செய்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழலைப் பிதுக்கி உள்ளே பாருங்கள். வருஷக்கணக்கில் திறந்து மூடி அங்கே வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், மேல் உறை முழுசாக இருக்கும். கதவைத் திறந்து வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி காட்டிவிட்டு, மூடினதும் போய்விடும். ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்துப் பார்த்தால் அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். அங்கே டேப் சுற்றினால் தாங்காது, நன்றாக வளையும் பல இழை வயரில் ஒரு துண்டு நீளமாகப் போட்டு, ஜாயின்ட்டுகள் இரண்டும் குழலுக்கு வெளியே, வளையாத இடத்தில் வருகிற மாதிரி வைக்க வேண்டும்.

சரி, மாற்றங்களுக்கு வருவோம். இத்தனையிலும் செய்த காசுக்குப் பலன் கொடுத்தது ஹெட்லைட் ரிலேதான், அதாவது சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை இயக்குகிற சுவிட்ச். ராத்திரியில் ஹைவேயில் வெளிச்சம் போதவில்லை என்று பலர் 100/90 வாட் பல்பை வாங்கி மாட்டுகிறார்கள். சட்டப்படியும் தப்பு, 60/55 வாட்டுக்குச் செய்த சாக்கெட்டும் உருகும். நான் முதலில் அளந்தேன். இஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் 13.8, பல்பின் பின்னாலேயே 11.9. பிளஸ் வழியில் ஒன்றரை, எர்த் வழியில் 0.4 காணாமல் போகிறது. இந்த 1.9 வோல்ட் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, வோல்ட்டின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் (பவரில்) விழும். அதாவது 13.8-க்குப் பதில் 11.9 கொடுத்தால் வெளிச்சம் 60 சதவீதம்தான், நாற்பது போச்சு. எங்கே போகிறது என்றால், இரண்டு ஹெட்லைட்டின் முழு கரண்ட்டும், 9 ஆம்பியர் சுமாருக்கு, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற அந்தக் குச்சி சுவிட்சின் வழியாகத்தான் போய் வருகிறது. பழசாகிப் போன சுவிட்ச், நீளமான மெல்லிய வயர். ஓட்டும்போது சுவிட்ச் உடம்பு லேசாகச் சூடாவதைத் தொட்டாலே தெரியும்.

ரிலே போட்டால் அந்தச் சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும், அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போகும். ரிலேயில் நாலு கால், எண்கள் பெரும்பாலான ரிலேகளில் ஒன்றுதான்: 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி பிளஸ், 87-லிருந்து பல்பு, 85-ம் 86-ம் சுருள். பழைய ஹெட்லைட் சாக்கெட்டில் வந்துகொண்டிருந்ததை இந்தச் சுருளுக்குக் கொடுத்துவிட வேண்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த்துக்கும் அதே தடிமன், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். இதில் கவனிக்க வேண்டியது, ஜப்பான் டிசைனில் வந்த பல வண்டிகளில் ஹெட்லைட்டின் பொதுப் பின் (டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்து இருக்கிற கால்) பிளஸ்ஸாக இருக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் இணைத்துத் துண்டிக்கும். ரெடிமேடாக விற்கும் ரிலே செட் அதற்கு எதிர்மாறாகச் செய்திருந்தால் லைட் எரியாது, அல்லது டேஷ்போர்டில் பிரைட்டைக் காட்டுகிற நீல விளக்கு எப்போதும் எரியும். சாக்கெட்டைக் கழற்றி, லைட் போட்டு, பொதுப் பின் பிளஸ்ஸா எர்த்தா என்று டெஸ்ட் லாம்ப்பால் பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிலே, செராமிக் சாக்கெட், பின் எல்லாம் தனித்தனியாகவே கிடைக்கும், பழைய சாக்கெட் துண்டுகள் வேண்டுமானால் புதுப்பேட்டை. வேலை முடிந்ததும் பல்பில் 13.4 வந்தது, அதே பல்பு, ஒன்றரை மடங்கு வெளிச்சம். வோல்ட் கூடினால் பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பை மாட்டுவது பற்றி என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். நம் கண்ணுக்கு முன்னாலே வெள்ளையாகத் தெரியும், எதிரில் பைக்கில் வருகிறவர் கண்ணைப் பறிக்கும்.

எந்த மாற்றம் செய்தாலும் ஒன்று நினைவிருக்க வேண்டும், ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். கேமராவோ ஹாரனோ கெட்டால் காசு போகும், வயர் கருகினால் வண்டி போகும். அதனால் பேட்டரியிலிருந்து எடுக்கும் எந்த வயருக்கும் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் வர வேண்டும், பொருளுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கிற நீளம் முழுக்கக் காவல் இல்லாமல் போகும். பிளேடு ஃபியூஸின் நிறமே எண் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பத்து போய்விட்டது என்று இருபதைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் நம் ரோட்டில் நடக்கத்தான் செய்கிறது. மழைக்கு ஒதுங்கின இடத்தில் புகை வந்த வண்டியின் கதைகளை விசாரித்தால் பாதிக்கு இப்படித்தான் ஏதாவது இருக்கும்.

ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம் வெயிலில் பானெட்டுக்குள் அந்தப் பசை இளகி, டேப் தானாகவே அவிழ்ந்து தொங்கும். வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கிற நீல கிளிப் ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டால் வேலை ஒரு நிமிஷம், ஆனால் உள்ளே இழைகளை வெட்டிவிடும், ஈரமும் புகும். நல்ல கிரிம்ப் கருவி (உலோக முனையை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைப்பது) வாங்கி, வயர் தடிமனுக்கேற்ற லக், அதாவது அந்த உலோக முனை, போட்டு, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை ஏற்ற வேண்டும். சால்டர் தப்பில்லை, ஆனால் ஈயம் ஏறின இடத்தில் வயர் விறைத்துப்போகும், அதன் விளிம்பில் அதிர்வில் ஒடியும், ஆகவே சால்டர் செய்த இடத்தை ஆடாமல் கட்டி வைக்கணும். இரும்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைக்கவே கூடாது.

டேஷ்கேமுக்கு நான் சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஃபியூஸிலிருந்து எடுத்தேன், ஃபியூஸ் இடத்தில் செருகுகிற இரட்டை ஃபியூஸ் அடாப்டர் கிடைக்கிறது. அதை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோம் என்பது முக்கியம், பேட்டரி வருகிற கால் எது என்று முதலில் ஃபியூஸைப் பிடுங்கி டெஸ்ட் லாம்ப்பால் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் புதுக் கருவியின் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் வசதி வேண்டுமென்றால், 12.2 வோல்ட்டுக்கு இறங்கினதும் தானே துண்டித்துக்கொள்கிற கிட் போடுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன ஆம்ப்ளிஃபையர் கதைதான். ரிவர்ஸ் கேமராவுக்கு ரிவர்ஸ் விளக்கு வயரிலிருந்தே எடுக்கலாம், அது சுலபம். இரட்டை ஹாரன் போட்டால் ஒவ்வொன்றும் நாலைந்து ஆம்பியர் இழுக்கும், ரிலே கட்டாயம். பல சுருதியில் பாடுகிற ஹாரன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை, வேண்டாம்.

ஏர்பேக் பக்கம் நான் கை வைப்பதே இல்லை. மஞ்சள் சாக்கெட், மஞ்சள் உறை போட்ட வயர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக் சமாசாரம், அங்கே மீட்டரை வைப்பதும் கூடாது, டெஸ்ட் லாம்ப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். முன் கண்ணாடித் தூணுக்குள் டேஷ்கேம் வயரைச் சொருகும்போதும் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற வண்டியில் அதற்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், முன்னால் போனால் அது விரிகிற வழியில் வயர் குறுக்கே நிற்கும். ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங் கம்ப்யூட்டர் வயர்களில் எதையும் தட்டி எடுப்பதும் வேண்டாம். வாரன்டியில் இருக்கிற வண்டியாக இருந்தால் வயரை வெட்டாமல் சாக்கெட்டோடு செருகிக்கொள்கிற மாற்றங்களோடு நின்றுகொள்ளுங்கள்.

எலிக்கு என்னிடம் தீர்வில்லை. மழைக்காலம் ஆரம்பித்தால் இஞ்சின் சூட்டைத் தேடி வந்துவிடும். புகையிலைக் கட்டு, நாப்தலின் உருண்டை, ஸ்பிரே எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, எல்லாமே கொஞ்ச நாளுக்குத்தான். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, புழுக்கையோ தேங்காய் நாரோ கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையில் பலன் தருகிறது, கூடு கட்ட விடாமல் கலைத்தால் வேறு வண்டி தேடிப் போகும். கடித்த வயரை ஒட்டும்போது பக்கத்தில் இருக்கிறதையும் தடவிப் பாருங்கள், ஒன்றோடு நிறுத்துகிற பழக்கம் அதற்கில்லை.

தண்ணீர் என்றால் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கின வண்டிகளில் பலவற்றைத் தண்ணீர் வடிந்த கையோடு ஸ்டார்ட் செய்து பார்த்ததில்தான் இஞ்சின் போனது. தண்ணீர் சீட்டுக்கு அடி வரை வந்திருந்தால் சாவியே போடாமல், நெகட்டிவை முதலில் கழற்றி வைத்துவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கிற சாக்கெட்டுகளைப் பிரித்துக் காய வைக்க வேண்டும். இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்பதை மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துச் சொல்லட்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் செருகுகிற புளூடூத் கருவி ஒன்றும் வைத்திருக்கிறேன், போனில் கோளாறு எண்களைப் படிக்கலாம். உபயோகமானதுதான், ஆனால் அது சொல்கிறதை அப்படியே நம்பி சென்சார் வாங்கக் கிளம்பக் கூடாது. பேட்டரி வீக்காக இருக்கும்போது செல்ஃப் அடித்தால் வோல்ட் விழுந்து, சம்பந்தமே இல்லாத நாலைந்து எண்கள் சேர்ந்து வந்துவிடும். அதில் பி0562, அதாவது வோல்ட் குறைவு என்பது இருந்தால் முதலில் பேட்டரி, கிளாம்ப், எர்த் மூன்றையும் சரி செய்து, எண்களை அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருகிற எண் எதுவோ அதை மட்டும் தேடினால் போதும்.